முதல் பதிப்பும் சிவப்பு ரெக்சினும்

சென்ற மாதம் நமது சங்க நூலகத்துக்கு அன்பர் ஒருவர் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய சிறுவர் புத்தகங்களைக் கொடுத்தார். "எல்லாம் கிழிசல் சார், பைண்டிங் செய்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பைண்டிங் வேண்டவே வேண்டாம் என்று நான் அவசரமாகத் தடுத்தேன். காரணம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய புத்தகம் எல்லாம் அரிய புத்தகம் ஆகிவிடாது. சேகரிப்பவர்கள் தேடுவது முதல் பதிப்பின் முதல் அச்சை. ரயில்வேயில் புது ரக என்ஜின் வந்தால் முதல் தொகுதியில் கண்ட குறைகளை அடுத்த தொகுதியில் திருத்துவோம். புத்தகமும் அப்படித்தான், திருத்தப்படாத குறையே பல சமயம் அடையாளம். 1997ல் வெளியான முதல் ஹாரி பாட்டர் கதை கெட்டி அட்டையில் 500 பிரதிகள்தான் அச்சானது. அதன் 53ஆம் பக்கத்தில், பள்ளிக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலில், மந்திரக்கோல் இரண்டு முறை வந்துவிட்டது. அது மட்டும் போதாது. பதிப்புரிமைப் பக்கத்தில் 10 முதல் இறங்கி வரும் எண் வரிசை 1ல் முடிய வேண்டும்.

1865ல் 'ஆலிஸ்' கதைக்குப் படம் வரைந்த டென்னியல், அச்சு சரியில்லை என்றார். லூயிஸ் கரோல் 2000 பிரதிகளையும் நிறுத்தி, நண்பர்களுக்குக் கொடுத்தவற்றைக்கூடத் திரும்பக் கேட்டார்! இன்று இருபத்துச் சொச்சம் பிரதிகளே இருப்பதாகத் தெரிகிறது. பதிப்பாளர்கள் மறுத்ததால் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1901ல் சொந்தப் பணத்தில் 'பீட்டர் ராபிட்' அச்சிட்டார், 250 பிரதிகள். குறைவாக அச்சிட்டதோடு போகவில்லை. படிப்பவர்கள் குழந்தைகள். கிறுக்குவார்கள், கிழிப்பார்கள், ஓரத்தைக் கடிப்பார்கள். அதனால்தான் நல்ல பிரதி கிடைப்பது இவ்வளவு அருமை.

இனி என் கதை. தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகக் கடைகள் 2019ல் மகிளா ஹாட்டுக்கு மாறும்வரை நடைபாதையில்தான் இருந்தன. அங்கே 1986ல் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' 40 ரூபாய்க்கு வாங்கினேன். அவர் தந்தை லாக்வுட் கிப்ளிங் வரைந்த படங்களும் அதில் உண்டு. நீலத் துணி அட்டை, அதில் தங்க நிற யானைகள். முதுகு மட்டும் பிய்ந்து தொங்கியது. லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவனுக்குப் பழுதான பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. ஒரு பைண்டரிடம் கொடுத்து, மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, சிவப்பு ரெக்சின் போடச் சொன்னேன். பழைய அட்டை வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தலைப்புப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். லண்டன், மாக்மில்லன், 1894. பின்பக்கத்தில் மறுபதிப்பு விவரம் எதுவும் இல்லை. அதே ஆண்டில் மறுபதிப்புகளும் வந்தன. அவற்றில் அந்த விவரம் இருக்கும். ஆக, என்னிடம் இருந்தது முதல் அச்சு! பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். ரெக்சினைக் கண்டதும் டீ வரவழைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆகவே வீட்டுப் பரணில் பழைய புத்தகம் இருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், ஓரம் வெட்டாதீர்கள். மேலுறை கிழிந்திருந்தாலும் எறிய வேண்டாம். பல நூல்களுக்கு மதிப்பில் பெரும் பங்கு அதற்குத்தான். தொங்கும் அட்டையை மெல்லிய பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். முதல் பக்கத்தில் யாரோ எழுதிய பெயரையும் அழிக்காதீர்கள்.

நம்மவர்கள் ரயில் நிலையங்களில் புத்தகம் வாங்கியே பழகியவர்கள். ஆகவே இன்னொன்று: 1888ல் அலகாபாத் ஏ.எச். வீலர் கம்பெனி 'இந்தியன் ரயில்வே லைப்ரரி' என்ற வரிசையில் கிப்ளிங் கதைகளை ஒரு ரூபாய்க்கு வெளியிட்டது. சிறுவர்களைப் பற்றிய 'வீ வில்லி விங்கி' அதில் ஆறாவது. வெறும் காகித அட்டைதான். எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அன்பர் கொடுத்த பெட்டிகளில் இதுவரை முதல் பதிப்பு எதுவும் அகப்படவில்லை. இன்னும் அரைப்பெட்டி பாக்கி இருக்கிறது.