ரூல் புக் வேண்டாம், ஒரு கேள்வி போதும்! ரோல்பிளே ஆட்டத்துக்குப் புதியவரை அழைப்பது எப்படி?

நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு கதையை உருவாக்குவதுதான் ரோல்பிளேயிங் கேம். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதில் முன்னோடி. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பசங்க விளையாடுவார்களே, அதேதான். அதில் கதையை நடத்த ஒரு கேம் மாஸ்டர் உண்டு. 2009-ல் வந்த ‘ஃபியாஸ்கோ’வில் அவரும் கிடையாது. எல்லோரும் சேர்ந்தே கதை சொல்ல வேண்டும்.

என்ன சிக்கல்?

முதல்முறை வருபவருக்கு இதுவே பயம். ‘தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்களோ?’ என்று வாயை மூடிக்கொள்வார். அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றால், அடுத்த வாரம் வருவது சந்தேகம்தான்.

கட்டியக்காரன் ஃபார்முலா

இதற்கான பாடம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசை, தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். கூத்தில் ராஜா வேஷம் வந்ததும் கட்டியக்காரன் கேட்பது, ‘நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க?’ என்பதுதான். அந்தப் பதிலிலேயே புதிதாகப் பார்ப்பவருக்கும் கதை புரிந்துவிடும். நடுவில் கூட்டத்தையும் வம்புக்கு இழுப்பார்.

திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளம் அன்று ஊரே குருக்ஷேத்திரம் ஆகிவிடும். மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் படுத்திருக்க, வேடமிட்டவர்கள் சுற்றிச் சண்டையிடுவார்கள். பார்க்க வந்த மக்களும் களத்துக்குள் வந்துவிடுவார்கள். கூத்து வழிபாடு, கேம் பொழுதுபோக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால், வெளியே நிற்பவரை உள்ளே இழுக்கும் வித்தை ஒன்றுதான்.

புதியவருக்கு என்ன செய்யலாம்?

* தெரிந்த இடத்தில் தொடங்குங்கள். ‘பௌர்ணமி இரவு, 14 கி.மீ. கிரிவலப் பாதை. கூட்டத்தில் நண்பரைக் காணோம். யாரிடம் கேட்பீங்க?’ இதற்குப் பதில் சொல்ல எந்த ரூலும் தெரிய வேண்டாம்.

* ‘குபேர லிங்கம் பக்கத்து டீக்கடை அண்ணன்கிட்ட’ என்றால், ‘அவர் எப்படிப்பட்ட ஆளு?’ என்று அடுத்த கேள்வி. இப்போது கதையின் ஒரு பகுதி அவர் கையில்!

* சொன்னதை வெட்டாதீர்கள். ‘அப்படி நடக்காது’ என்பதைவிட ‘சரி, அதுக்கப்புறம்?’ நல்லது.

* கதாபாத்திரத்தைத் தயாராகக் கொடுங்கள். பகடை, மதிப்பெண் எல்லாம் தேவைப்படும்போது சொன்னால் போதும்.

* எந்த விஷயங்கள் கதையில் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் கேளுங்கள். இதற்கு ‘செஷன் ஜீரோ’ என்று பெயர். பிடிக்காத காட்சியை நடுவில் நிறுத்தவும் உரிமை வேண்டும்.

* தமிழில் ஆடுங்கள். ரூல் புக் இங்கிலீஷில் இருந்தாலும், கதை அப்படி இருக்க வேண்டியதில்லை.

பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: கொஞ்சம் கம்மியா பேசுங்க. புதியவர் யோசிக்கும் அந்தப் பத்து விநாடியில் குறுக்கே புகாமல் இருந்தாலே, அவர் அடுத்த வாரமும் வருவார்.