கழுத்துக் கட்டியும் குடும்ப வழியும்

தொண்டைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. எச்சில் விழுங்கும்போது கழுத்துக் கட்டியும் கூடவே ஏறி இறங்கினால், அது பெரும்பாலும் தைராய்டுக் கட்டிதான். பயந்துவிடாதீர்கள், இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதற்காக மஞ்சள் பத்துப் போட்டு ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்று நான் சொல்ல வந்தது அபூர்வமான ஒரு வகை. மெடுல்லரி புற்றுநோய் என்பார்கள். தைராய்டுக்குள்ளே 'சி' அணுக்கள் என்று கொஞ்சம் உண்டு. கால்சிடோனின் என்ற சுரப்பு நீரை உண்டாக்குபவை அவைதாம். இந்தப் புற்றுநோய் அங்கே பிறக்கிறது. 1959-இல் அமெரிக்க டாக்டர்கள் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். நூறு தைராய்டுப் புற்றுநோயில் இது ஐந்துக்கும் குறைவு.

"கிளினிக்கில் இரத்தம் எடுத்து நார்மல்னு சொல்லிட்டாங்களே?" என்பீர்கள். வழக்கமான பரிசோதனை சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் காட்டும். இந்த நோயில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஸ்கேன் எடுத்து, மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அதிலும் சில சமயம் தப்பிவிடும். சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் கால்சிடோனின் அளவைப் பார்ப்பார்கள். கட்டியோடு தீராத வயிற்றுப்போக்கும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இந்த நோயில் அப்படி வருவதுண்டு.

இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது குடும்ப வழியாக வருகிறது. 'ரெட்' என்ற ஜீனில் உள்ள பழுதுதான் காரணம் என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இங்கேதான் நம்மவர்கள் வாயைத் திறப்பதில்லை. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில், பாட்டி கழுத்துக் கட்டியோடு செத்த கதையை யார் சொல்வார்கள்? அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஊராரிடம் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பழுது இருப்பது பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே தெரிந்தால், நோய் வருமுன்பே சுரப்பியை எடுத்துவிடலாம். பிறகு ஆயுள் முழுக்க தினம் மாத்திரை போட வேண்டும், அவ்வளவுதான்.

குடும்ப வழி வந்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலும் கட்டி இருக்கும். திடீரென்று கொதிப்பு ஏறும். தலைவலி, படபடப்பு, வியர்வை வரும். இதைக் கவனிக்காமல் ஆபரேஷன் செய்தால் மேஜையிலேயே உயிர் போகலாம். ஆகையால் முன்கூட்டியே அதையும் சோதிப்பார்கள்.

மற்ற தைராய்டுப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் இதற்குப் பயன்படாது. 'சி' அணுக்கள் அயோடினை இழுப்பதில்லை. கத்திதான் முக்கிய வைத்தியம், அதுவும் பரவுவதற்கு முன்னால்.

கிள்ளான் பக்கம் இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்றால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி. சுரப்பி ஆபரேஷனுக்கென்று தனிப் பிரிவு புத்ராஜெயா ஆஸ்பத்திரியில் இருக்கிறது. போகும்போது, குடும்பத்தில் யார் யாருக்குக் கழுத்துக் கட்டி இருந்தது, எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத வராதவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.