கிசுகிசுப்பைக் கேட்கும் பெட்டி

கல்யாண வீடு. நாகஸ்வரம் முழங்குகிறது, தவில் அதற்கும் மேலே போகிறது. அந்த அமளியில் பந்தலின் மறுகோடியிலிருந்து உங்கள் குழந்தை, "அம்மா!" என்று சிணுங்குகிறது. உங்கள் காதில் அது விழுந்துவிடுகிறது அல்லவா? அப்பேர்ப்பட்ட காதை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட முடியுமா என்றுதான் ரேடியோ எஞ்சினீயர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

நான் சொல்வது பாட்டுக் கேட்கும் ரேடியோவை அல்ல. பரீட்சையில் தேறி, சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஹாம்' என்று அவர்களுக்குச் செல்லப் பெயர். அவர்கள் வைத்திருக்கும் 'டிரான்ஸீவர்', பேசவும் கேட்கவும் உதவும் ஒரே பெட்டி. ஏரியலிலிருந்து கிளம்பும் சிற்றலை வானத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போய் இறங்குகிறது. நடுவில் டெலிபோன் கம்பெனிக்கு வேலையே இல்லை.

உங்கள் வீட்டுக்காரரோ தம்பியோ ஹாமாக இருந்தால், "இன்னும் ஒரு பெட்டியா?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் எதைக் கண்டு மயங்குகிறார் என்று பார்ப்போமா?

ஜப்பானின் ஐகாம் கம்பெனி 2015-ல் கொண்டுவந்த ஐ.சி.-7851 ஒரு பட்டத்து யானை. 200 வாட் சக்தி, 23.5 கிலோ எடை. கிட்டத்தட்ட ஓர் அரிசி மூட்டை! விலையோ ஒரு சிறிய காரின் விலை. அதே கம்பெனியின் ஐ.சி.-7610, 100 வாட், எடை 8.5 கிலோதான். வானலை வந்து சேர்ந்த மாத்திரத்தில் அதை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டே குரல்களைப் பிரித்துவிடுகிறது. அமெரிக்காவின் எலிக்ராஃப்ட் கே-4க்கும் இதே வழிதான். எடை சுமார் 4.5 கிலோ.

2019-ல் வந்த யாயெசு எஃப்.டி.டி.எக்ஸ்.-101டி வேறு கட்சி. வேண்டாத பக்கத்துக் குரல்களை முதலில் வடிகட்டியால் சலித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் எண்களாக்குகிறது. எடை 12 கிலோ.

இரண்டில் எது மேல்? சமையலறைக் கணக்காகவே பார்க்கலாம். சலித்த பிறகு மாவைப் பாத்திரத்தில் போடுவது ஒரு கைப்பாங்கு. எல்லாவற்றையும் ஒருமிக்கக் கொட்டிவிட்டு வேண்டியதைப் பொறுக்குவது இன்னொன்று. அக்கம்பக்கத்தில் பலத்த நிலையங்கள் ஒரே சமயத்தில் முழங்கினால், இரண்டாவது முறையில் பாத்திரம் நிரம்பி வழியும் அபாயம் உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் சாமான்கள் குறைவு, பெட்டியும் சிறியதாகிறது.

உண்மையைச் சொல்லட்டுமா? பட்டணத்து வீடுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் காதுக்கே எட்டாது. மலிவான எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து 'கர்'ரென்று இரைகிற இரைச்சலில், தூரத்துக் குரல் முன்னதாகவே அமுங்கிப் போகிறது.

அந்தக் குரலில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? கேளுங்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் குழுவினருடன் அந்தமானுக்குச் சென்று, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்தார். உலகெங்கும் உள்ள ஹாம்கள் அவருடன் ஒரு வார்த்தை பேசப் போட்டி போட்டார்கள். 26-ம் தேதி காலை பூமி நடுங்கியது. பின்னாலேயே சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஊமையாயின. பொழுதுபோக்குக்காக வைத்த நிலையம் அந்த நாளே உயிர்ச் செய்தி நிலையமாயிற்று. தீவில் இருப்பவர் பிழைத்திருக்கிறாரா என்று தவித்த குடும்பங்களுக்கு, அவரும் தோழர்களும் சேதி சொன்னார்கள்.

அன்றைய நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றைய பெட்டிகளிடம் நான் கேட்கும் வரங்கள் மூன்று.

முதலாவது, பசி குறைய வேண்டும். ஐ.சி.-7610 ஒரு வார்த்தை பேசாமல் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கே சுமார் 3 ஆம்பியர் கேட்கிறது. 40 ஆம்பியர்-மணி கார் பாட்டரி 13 மணி நேரத்தில் காலி! எலிக்ராஃப்டின் கே.எக்ஸ்.-2 என்னும் கையடக்கப் பெட்டிக்கோ 0.2 ஆம்பியர்கூட வேண்டாம். ஆனால் அதன் குரல் 10 வாட் அளவுதான். யானையின் காதும் அணிலின் வயிறும் ஒரே பெட்டியில் அமையக் கூடாதா?

இரண்டாவது, வீட்டு இரைச்சலை அறிந்து விலக்க வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் பொத்தான் இப்போதும் இருக்கிறது. பல சமயம் இரைச்சலோடு குரலையும் தேய்த்துவிடுகிறது.

மூன்றாவது, பழக எளிதாக வேண்டும். திரைக்குள் திரை, பட்டியலுக்குள் பட்டியல் என்று தேடினால் ஆபத்து நேரத்தில் கை தடுமாறாதா? எந்த அலையில் இருக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லும் பெட்டிகள் உண்டு. அந்தப் பட்டியல்களையும் முழுக்கப் படித்துச் சொன்னால், கண் தெரியாத ஹாம்கள் வாழ்த்துவார்கள். இருட்டில் தவிக்கும் மற்றவர்களும் வாழ்த்துவார்கள்.

அடுத்த முறை வீட்டில் "இந்தப் பெட்டி வாங்கட்டுமா?" என்று கேட்டால், விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். "கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? உங்களுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் இன்னொருவர் இயக்க முடியுமா?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, லைசென்ஸ் பரீட்சைக்கு நீங்களும் ஒரு மனுப் போட்டு வையுங்கள். பந்தலின் மறுகோடியில் சிணுங்கும் குரலைக் கேட்கும் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறதே!