தண்டனையில்லாத சட்டம்

தண்டனை விதிக்காத சட்டம் சட்டமாகுமா என்பது நியாயவாதிகளிடையே பழைய தர்க்கம். 1971-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி, ஈரான் தேசத்துக் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ராம்ஸார் நகரில், 18 தேசங்களின் பிரதிநிதிகள் கூடிச் சதுப்பு நிலங்களைப் பாதுகாக்கும் பொருட்டு ஏற்ற உடன்படிக்கை அத்தகையதே. வலசை போகும் பறவைக்கு ராஜ்ய எல்லை தெரியாது. ஒரு தேசம் காத்த குஞ்சு மற்றொரு தேசத்தில் தங்க இடமின்றி மடியுமாயின், முன்னதன் முயற்சி வீணே. ஆகவே தேசங்களின் கூட்டுறவு இன்றியமையாதது. ஆயினும், வாக்குத் தவறிய ராஜ்யத்தை விசாரிக்க ராம்ஸாரில் கோர்ட்டும் இல்லை, அபராதமும் இல்லை.

அங்ஙனமாயின் பயன் யாது? ஒடிசாவின் சிலிகா ஏரியைக் கேட்போம்.

1981-ல் ராம்ஸார் பட்டியலில் இடம்பெற்ற இக்காயலில், ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்தது. கடலோடு சேரும் வாய் தூர்ந்தது. உப்பு குன்றிக் களை மண்டிற்று. 1995-96-ல் மீன்பாடு சுமார் 1,300 டன்னாகச் சுருங்க, வலையை நம்பிய குடும்பங்கள் தவித்தன. கெடுதலுற்ற இடங்களைக் குறிக்க, 1990-ல் ஸ்விட்ஸர்லாந்தின் மாந்த்ரோ நகரில் கூடிய மகாநாடு ஒரு பேரேட்டை ஏற்படுத்தியிருந்தது. சம்பந்தப்பட்ட தேசம் சம்மதியாமல் அதில் எவ்விடத்தையும் பதிவதில்லை. வீட்டுக் குறையை வீதியில் சொல்வதா என்று நமது சர்க்கார் வாளாவிருந்திருக்கலாம். இருக்கவில்லை, 1993-ல் சிலிகா அதில் பதிவாயிற்று. 2000-ம் வருஷம் செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. 2001-ல் ராம்ஸார் நிபுணர் குழு நேரில் வந்து பார்வையிட்டது. 2001-02-ல் மீன்பாடு 11,000 டன்னைக் கடந்தது. 2002 நவம்பரில் சிலிகாவின் பெயர் பேரேட்டிலிருந்து நீங்கிற்று.

முகத்துவாரத்தை வெட்டியது ராம்ஸார் அன்று, ஒடிசாவே. ஆனால் குறையை உலகத்தின் முன் ஒப்புக்கொண்டபின், அதைத் தீராமல் விடுதல் மானக்கேடாகும். தண்டனை செய்ய வேண்டியதை ஒப்புதல் செய்தது.

இன்று நமது தேசத்தில் 90-க்கு மேற்பட்ட இடங்கள் ராம்ஸார் பட்டியலில் உள்ளன. குறைப் பேரேட்டிலோ பரத்பூரின் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்தக் ஏரியும் மட்டுமே நிற்கின்றன. எஞ்சியவை யாவும் பழுதற்றவை என்று எவரேனும் நம்புவரோ? பட்டியலில் பெயர் சேர்ப்பது பெருமை. பேரேட்டில் உண்மையை எழுதுவது நேர்மை. சிலிகாவைக் காத்தது பின்னதே. நோயை ஒளிப்பவனுக்கு எவ்வைத்தியனும் உதவ முடியாது என்பதைச் சர்க்காரும் ஜனங்களும் மறவாதிருக்க வேண்டும்.