அச்சில் வார்த்த வாத்தியக் குழு

விருத்தாசலத்தை வெளியூர் மக்கள் இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று, பழமலைநாதர் கோயில். மற்றொன்று, பீங்கான். இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் ஒரு பீங்கான் பொம்மை பிறக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். முதலில், கைதேர்ந்த ஒருவர் மூல உருவத்தைச் செய்கிறார். அதன்மீது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். பிறகு, அந்த அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் களிமண் படிந்து உருவமாகிறது. மிஞ்சிய கூழை வடித்துவிட்டு, உருவத்தை உலர்த்திச் சூளையில் அடுக்குகிறார்கள். மூல உருவத்துக்குத் தேவைப்பட்ட திறனும் காலமும் ஒவ்வொரு நகலுக்கும் தேவைப்படுவதில்லை.

அண்மையில் உள்ளூர்த் திருமண வரவேற்பு ஒன்றில் இந்த அச்சு என் நினைவுக்கு வந்தது. மேடையில் இரண்டு பாடகர்கள், தாளத்துக்கு ஒருவர், கீபோர்டுடன் ஓர் இளைஞர். அவ்வளவுதான் குழு. ஆனால், பாடலின் இடையிசை வந்தபோது வயலின்கள் திரண்டு எழுந்தன. புல்லாங்குழல் பதில் சொன்னது. பின்னணியில் செல்லோக்கள் முழங்கின. கச்சேரி முடிந்ததும் அந்த இளைஞரிடம் விசாரித்தேன். "கீபோர்டுல ஆர்கெஸ்ட்ரா எக்ஸ்பான்ஷன் ஏத்தியிருக்கேன் சார்" என்றார். ஒரு பென் டிரைவில் அடங்கும் பொருள் அது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பென் டிரைவ் என்னைச் சிந்திக்க வைத்தது. முப்பது, நாற்பது பேரின் உழைப்பு எப்படி அதற்குள் போனது? போன பிறகு அந்த நாற்பது பேர் என்ன ஆனார்கள்?

ஆர்கெஸ்ட்ரா எக்ஸ்பான்ஷன் என்பது கீபோர்டில் ஏற்கெனவே உள்ள ஒலிகளோடு கூடுதலாகச் சேர்க்கப்படும் ஒலித்தொகுப்பு. உண்மையான வயலின், செல்லோ, ஓபோ, டிரம்பெட் கலைஞர்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, மெல்லவும் ஓங்கியும், நீட்டியும் குறுக்கியும் வாசிக்கச் செய்து பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளைக் கீபோர்டின் கட்டைகளோடு பொருத்துகிறார்கள். கட்டையை அழுத்தினால், என்றோ எங்கோ ஒருவர் வாசித்த அந்தச் சுரம் ஒலிக்கிறது. இதுவும் மூல உருவமும் அச்சும்தான்.

இந்த எண்ணம் புதிதன்று. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரான் என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் எட்டு நொடிகள் மட்டும் இசை வரும். 1979-இல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் என்ற கணினிக் கருவி இதையே இலக்க முறைக்கு மாற்றியது. அதை வாங்கப் பெரும் செல்வம் வேண்டியிருந்தது. 1983-இல் மிடி என்ற பொது இணைப்பு முறை வந்ததும் பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1990-களில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் விற்ற ஆர்கெஸ்ட்ரா விரிவாக்க அட்டையின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு, மூன்று புகைப்படங்களின் அளவு அது. அதற்குள் ஒரு வாத்தியக் குழுவே அடங்கியிருந்தது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களான வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் 1966-இல் வெளியிட்ட நூலில் நிகழ்த்துக் கலைகளின் நெருக்கடியை விளக்கினர். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளியின் உற்பத்தி பெருகுகிறது, ஊதியமும் உயர்கிறது. ஆனால், நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர் தேவை. இன்றும் நால்வரே தேவை. பிற துறைகளுக்கு இணையாக அவர்களது ஊதியமும் உயர வேண்டியிருப்பதால், நேரடி இசையின் செலவு ஏறிக்கொண்டே போகும். பிற்காலத்தில் 'பாமோலின் செலவு நோய்' என்று இது பெயர் பெற்றது.

கீபோர்டின் ஒலித்தொகுப்பு இந்த நோய்க்கு ஒரு கடும் மருந்து. கலைஞரின் உழைப்பை ஒருமுறை வாங்கி, அதை மூலதனமாக மாற்றிவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஏறத்தாழச் செலவே இல்லை. மருந்துக்குப் பக்க விளைவு இல்லாமல் இருக்குமா? 1982-இலேயே லண்டன் இசைக்கலைஞர்கள் அதை உணர்ந்தனர். அங்குள்ள சங்கத்தின் ஒரு கிளை சிந்தசைசரின் பயன்பாட்டைத் தடை செய்யக் கோரித் தீர்மானமே போட்டது. அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை.

சென்னையும் இதைக் கண்டது. 1970, 1980-களில் திரைப்படப் பாடல் பதிவு என்றால் கூடம் நிறைய வயலின் கலைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். இளையராஜா எழுதிக் கொடுத்த குறிப்புகளை அவர்கள் வாசித்த வாசிப்பே இன்றும் நம் காதுகளில் ஒலிக்கிறது. அவரது குழுவிலும் கீபோர்டு வாசித்த ஏ.ஆர்.ரஹ்மான் 1992-இல் 'ரோஜா' படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். அதன்பின் கணினியும் கீபோர்டும் பதிவுக் கூடத்தின் மையத்துக்கு வந்தன. வாத்தியக் கலைஞர்கள் பலருக்கு அழைப்புகள் குறைந்தன.

ஆனால், விருத்தாசலத்தில் நடந்தது இதே கதையா? இல்லை. சென்னைப் பதிவுக் கூடத்தில் ஏற்கெனவே இருந்த நாற்பது பேரின் இடத்தில் கருவி அமர்ந்தது. எங்கள் ஊர்த் திருமண மேடையில் நாற்பது வயலின்கள் என்றுமே இருந்ததில்லை. இருக்க வழியும் இல்லை. அந்த இளைஞருக்கு ஆர்கெஸ்ட்ரா எக்ஸ்பான்ஷன் எவருடைய இடத்தையும் பறித்துத் தரவில்லை. அவரால் எட்டவே முடியாத ஒன்றை எட்டச் செய்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் பதிலீடாகவும், மற்றோரிடத்தில் புதிய வாய்ப்பாகவும் அமைகிறது. இந்த வேறுபாட்டைக் காணாமல் தொழில்நுட்பத்தை மொத்தமாகப் பழிப்பதும் மொத்தமாகப் புகழ்வதும் தவறு.

எனினும், கிடைத்த வாய்ப்பு பயன்படுகிறதா என்பது வேறு கேள்வி. அந்த இளைஞர் வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுவதும் வாசித்துக் காட்டியபோது சிலவற்றை இருவரும் சேர்ந்தே கற்றோம்.

முதலாவது, எண்ணிக்கை. 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற ஒலியில் ஒரு கட்டையை அழுத்தினால் பெரும்பாலும் கேட்பது ஒரு வயலின் அன்று. பதினாறு பேர் கொண்ட ஓர் அணியாகவும் இருக்கலாம். அப்படியானால், நான்கு விரல்களால் நான்கு சுரங்களை அழுத்தும்போது அறுபத்து நான்கு பேர் வாசிக்கிறார்கள். உண்மையான குழுவில் அதே பதினாறு பேர் நான்காகப் பிரிவார்கள். அதனால்தான் பத்து விரல்களாலும் அழுத்தப்படும் இசை கனமாக, சேறுபோல் ஒலிக்கிறது. குறைவான சுரங்கள், கைகளுக்கிடையே அதிக இடைவெளி என்பதே இங்கு விதி.

இரண்டாவது, வீச்சு. மேலை நாட்டுச் சுருதி அமைப்பில் வயலினின் மிகத் தாழ்ந்த சுரம், நடு சி-க்குக் கீழுள்ள ஜி; 196 ஹெர்ட்ஸ். சாதாரணப் புல்லாங்குழல் நடு சி-யை ஒட்டித்தான் தொடங்கும். கீபோர்டு இந்த எல்லைகளை மதிப்பதில்லை. பதிவை இழுத்தோ நீட்டியோ கீழேயும் ஒலி தரும். எந்த வயலினும் எழுப்ப முடியாத அந்த ஒலியை, காரணம் தெரியாவிட்டாலும், கேட்பவரின் செவி போலி என்று கண்டுகொள்கிறது.

மூன்றாவது, மூச்சு. ஓபோ வாசிப்பவர் மூச்சு விட வேண்டும். வயலின் வாசிப்பவர் வில்லைத் திருப்ப வேண்டும். கீபோர்டுக்கு இரண்டும் தேவையில்லை. ஆகவே, வாசிப்பவரே நினைவில் வைத்து ஓரிடத்தில் விட்டுப் பிடிக்க வேண்டும். கால்மிதியால் ஒலியின் அளவை ஏற்றியும் இறக்கியும் சுரத்துக்கு வளைவு தர வேண்டும். மெல்ல எழும் வயலின் ஒலியைத் தேர்ந்துகொண்டு துரித நடையை வாசித்தால் தாளத்துக்குப் பின்தங்கியே ஒலிக்கும். அதற்கு வெட்டி வாசிக்கப்பட்ட குறுஒலியைத் தேர வேண்டும்.

நான்காவது, கருவியின் கொள்ளளவு. 1994-இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 ஒரே நேரத்தில் 64 ஒலிக்கூறுகளை இசைக்கும். ஒரு கட்டைக்கு நான்கு கூறுகளை அடுக்கினால் பதினாறு சுரங்களோடு கணக்கு முடிந்துவிடும். நீட்டிப்புக் கால்மிதியை அழுத்தியபடியே வாசித்தால் பழைய சுரங்கள் சொல்லாமல் அறுந்துவிடும். புதிய கருவிகளில் எல்லை பெரிது. ஆனால், எல்லை உண்டு.

கடைசியாக, நமக்கே உரிய சிக்கல்: கமகம். கட்டைகள் பன்னிரண்டு நிலையான இடங்களையே அறியும். சுருதிச் சக்கரத்தைத் திருப்பினால் சுரம் வளையும். ஆனால், அணி முழுவதும் ஒரே அளவில், ஒரே கணத்தில் வளையும். நாற்பது மனிதர்கள் அப்படி வளைக்கமாட்டார்கள். நம் ராகங்களின் அசைவுக்கு இந்தத் தொகுப்பு எழுதப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பின்னணிக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இந்த ஐந்து குறிப்புகளையும் மீண்டும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவற்றில் பெரும்பகுதி கீபோர்டைப் பற்றிய அறிவு அன்று. வயலின், ஓபோ, புல்லாங்குழல் கலைஞர்களைப் பற்றிய அறிவு. ஒலித்தொகுப்பு வாத்தியக் குழுவின் ஒலியை மலிவாக்கியது. அதன் அறிவை மலிவாக்கவில்லை. அந்தக் கருவியை நன்கு வாசிக்க, அது யாரைத் தேவையற்றவராக்கியதாகச் சொல்கிறோமோ அவரிடமே கற்க வேண்டியிருக்கிறது.

கணினி இசைக்கு முகவரியாகக் கருதப்படும் ரஹ்மானே 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேலை வாத்தியங்களைக் கற்பிக்கும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அவரது அறக்கட்டளை முயற்சியே. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது லண்டனில். வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. மும்பையில் 2006-இல் தொடங்கப்பட்ட இந்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் கணிசமாக உள்ளனர். பெரும் படைப்பு ஒன்றை அரங்கேற்ற வேண்டிய நாளில் பென் டிரைவ் போதவில்லை, மனிதர்கள் தேவைப்பட்டனர்.

என்ன செய்யலாம்? நம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் வயலின் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஊர்தோறும் கீபோர்டு பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவரையும் வாரம் ஒரு மணி நேரம் சந்திக்க வைக்கப் பெரிய நிதி தேவையில்லை. வில் எப்படித் திரும்புகிறது என்று கண்ணால் கண்ட பிள்ளை, கட்டையை வேறு விதமாக அழுத்தும்.

அடுத்தது, ஊதியம். ஒலித்தொகுப்புக்காக வாசிக்கும் கலைஞருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலியே கிடைக்கிறது. தொகுப்போ பல்லாண்டுகள் விற்பனையாகிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துக் கலைஞரின் நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படும்போது அவருக்கு உரிமத் தொகை உண்டு என்கிறது. நாதசுரம், தவில், வீணை ஆகியவற்றின் ஒலித்தொகுப்புகள் பெருகிவரும் இந்நாளில், அவற்றுக்கு வாசிக்கும் நம் கலைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதை அறிந்திருக்க வேண்டும். மூல உருவம் செய்தவருக்கு நகல்களில் பங்கு கேட்பது பேராசை ஆகாது.

மூன்றாவது, நம் வீட்டு விழாக்கள். பதிவுக் கூடங்களில் ஒரு பழக்கம் உண்டு. கீபோர்டின் வயலின்களுக்கு மேல் ஒரே ஓர் உயிருள்ள வயலினைச் சேர்த்துப் பதிவு செய்வார்கள். அந்த ஒன்றின் சிறு நடுக்கமும் சிறு பிசகும் மொத்த அணிக்கும் உயிர் தந்துவிடும். திருமண மேடையிலும் கோயில் திருவிழாவிலும் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு வயலின் கலைஞருக்கோ குழல் கலைஞருக்கோ நாற்காலி போடச் சொல்லலாம். பந்தல் அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதி போதும்.

பீங்கான் கூடத்தில் பிளாஸ்டர் அச்சு நாளடைவில் தேய்ந்துவிடும். பொம்மையின் மூக்கும் விரலும் மழுங்கும். அப்போது மூல உருவத்திடம் திரும்பிப் புதிய அச்சு எடுப்பார்கள். அதனால், செய்தவரின் கைக்கு மதிப்பு மறைவதில்லை. இலக்க அச்சோ தேய்வதே இல்லை. மூலத்திடம் திரும்பிச் செல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு நேராததால், வாசித்த கையை மறந்துவிடுவது எளிது. அந்தக் கட்டாயத்தை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞர் இப்போது வாரந்தோறும் ஒரு வயலின் ஆசிரியரிடம் செல்கிறார். வயலின் வாசிக்கவா என்று கேட்டேன். "இல்லை சார், கீபோர்டுல வயலினை ஒழுங்கா வாசிக்க" என்றார்.