‘பானிபட்’ பட சர்ச்சை: ஜாட்களுக்காக வெட்டிய கத்தரி, ஆப்கானியர்களுக்காக ஏன் வெட்டவில்லை?

வரலாற்றுப் போர்ப் படம் ஒன்று வந்தாலே கூடவே ஒரு சண்டையும் வந்துவிடுகிறது. ‘எங்க ஆளை இப்படிக் காட்டலாமா?’ என்பதுதான் எப்போதும் கேள்வி. பதில் கிடைப்பது மட்டும், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. 2019 டிசம்பர் 6-ல் வெளியான ‘பானிபட்’ இந்திப் படத்தை எடுத்துக்குவோம். 1761 ஜனவரி 14-ல் மராத்தியர்களுக்கும் அகமது ஷா அப்தாலிக்கும் நடந்த மூன்றாம் பானிபட் போர்தான் கதை. இயக்கம் அசுதோஷ் கோவாரிகர்.

ஜாட்கள் ஏன் கொதித்தார்கள்?

பரத்பூர் மன்னர் சூரஜ்மல், மராத்தியர்களுக்கு உதவ ஆக்ரா கோட்டையை விலையாகக் கேட்பதாகவும், அது கிடைக்காததால் ஒதுங்கிக்கொள்வதாகவும் படத்தில் வருகிறது. ராஜஸ்தானில் போராட்டம் வெடித்தது. சில தியேட்டர்கள் படத்தை நிறுத்தின. சூரஜ்மல் வம்சத்தில் வந்த விஸ்வேந்திர சிங் அப்போது மாநில அமைச்சர், அவரும் எதிர்த்தார். ‘எங்க ராஜா பேசினது பிரஜ் பாஷை, படத்துல பேசுறது அது இல்ல’ என்றுகூட ஒரு புகார். கடைசியில் தயாரிப்புத் தரப்பு சில காட்சிகளை வெட்டியது.

புகாரில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. சூரஜ்மல் முதலில் மராத்தியர்களோடுதான் இருந்தார். கனரக மூட்டை முடிச்சுகளையும் குடும்பங்களையும் பின்னால் விட்டுவிட்டு வேகமாகப் போரிட வேண்டும் என்று அவர் சொன்ன யோசனையை சதாசிவராவ் பாவ் ஏற்கவில்லை. டெல்லி விஷயத்திலும் மனக்கசப்பு. அதனால் விலகினார். ஆனால் தோற்று ஓடிவந்த மராத்தியர்களுக்குச் சோறும் அடைக்கலமும் கொடுத்ததும் அவர்தான்.

ஆப்கானியர்கள் கேட்டது என்ன?

ட்ரெய்லர் வந்தபோதே அங்கிருந்து எதிர்ப்பு வந்தது. நமக்கு அப்தாலி படையெடுத்து வந்து கொள்ளையடித்தவர். அவர்களுக்கோ 1747-ல் நாட்டுக்கு அடித்தளம் போட்ட ‘பாபா’. காந்தஹாரில் அவர் சமாதி இன்றும் மரியாதைக்குரிய இடம். அவரைக் கொடூரனாக மட்டும் காட்டினால் அவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும்? அதற்காக அவர் செய்த படுகொலைகளை மறைக்கச் சொல்ல முடியாது. 1757-ல் அவர் படை மதுராவில் செய்ததை அந்த ஊர் மறக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மன்னனின் கொடூரம், திரையில் ஓர் இனத்தின் சுபாவமாக மாறிவிடுகிறது. ‘பத்மாவத்’ (2018) படத்தில் கில்ஜி இறைச்சியைக் கடித்துக் குதறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ‘கேசரி’யிலும் (2019) அதே கதைதான். 1897-ல் சாராகடியில் 21 சீக்கியர்கள் கடைசிவரை போராடியது உண்மையான வீரம். எதிரே வந்த ஒரக்சாய், அஃப்ரிதி பழங்குடிகள் தங்கள் மண்ணுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்கள் என்பதும் உண்மைதான். வேறொரு படமாக இருந்தால் அவர்களுக்கு நாயகன் வேடமே கிடைத்திருக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 5பி பிரிவு, வெளிநாடுகளுடனான நட்புறவு கெடக் கூடாது என்கிறது. இனம், மதம் சார்ந்த குழுக்களை இழிவுபடுத்தக் கூடாது என்று 1991 வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. ஏட்டில் எல்லாருக்கும் பாதுகாப்பு உண்டு. நடைமுறையில் கத்தரியை எடுக்க வைப்பது ஓட்டும், தெருவில் இறங்கும் கூட்டமும்தான். ஆப்கானியர்களுக்கு இங்கே இரண்டுமே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. பானிபட்டில் மராத்திய பீரங்கிப் படையை நடத்தியவர் இப்ராஹிம் கான் கார்டி என்ற முஸ்லிம். அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அப்தாலியோடு நின்ற அவத் நவாப் சுஜா உத் தௌலாவின் படையிலோ அனூப்கிர் கோசாயின் தலைமையில் இந்துத் துறவி வீரர்கள் இருந்தார்கள். போரை நேரில் பார்த்து எழுதி, இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் புரட்டும் குறிப்பைத் தந்த காசிராஜ பண்டிதர் ஒரு பிராமணர். அவரும் இருந்தது சுஜாவின் முகாமில்தான்.