ஒட்டினால் ஒட்டாத மட்கார்டு!
கரட்டு ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களே, பார்த்து வாங்குங்கள்

புதுக்கோட்டை—

இரும்பு மட்கார்டு நெளிந்தால் கவலை இல்லை. தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்தால் போதும். பிளாஸ்டிக் மட்கார்டு உடைந்தால்?

"பசை போட்டு ஒட்டிக் கொடுங்கண்ணே" என்று மெக்கானிக் கடையில் வந்து நிற்பவர்கள் பலர். ஒட்டிய மட்கார்டோ அடுத்த பள்ளத்திலேயே கையோடு வந்துவிடுகிறது!

விராலிமலைப் பக்கம் கல், ஆலங்குடிப் பக்கம் செம்மண், கிராமத்துக்குக் கிராமம் சரளை ரோடு. மேடு பள்ளம் தாண்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள்களுக்கு ஏற்ற ஊர்தான். ஆனால் இந்த வண்டிகளில் முன் மட்கார்டு, பக்கவாட்டு மூடி, கை காப்பு எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். விழுந்தால் முதலில் அடி வாங்குவது இவைதான்.

வளைந்து நிமிரும் ரகம்

மண் ரோட்டுப் பந்தய வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் மட்கார்டு செய்து பிரபலப்படுத்தியவர், அமெரிக்கப் பந்தய வீரர் பிரெஸ்டன் பெட்டி. இது 1970-களின் தொடக்கத்தில் நடந்தது. 1973-ல் இத்தாலியில் அசெர்பிஸ் கம்பெனியும் இந்தத் தொழிலில் இறங்கியது.

பந்தய வண்டிகளுக்குப் பெரும்பாலும் "பாலிபுரொப்பிலீன்" போடுகிறார்கள். வேறொன்றுமில்லை, நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் இதே சரக்குதான்! அடி விழுந்தால் வளையும், விட்டால் நிமிரும். வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் விழும்.

மட்கார்டு சக்கரத்தை ஒட்டி இருந்தால் ஈர மண் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே நின்றுவிடும். பந்தய வண்டிகளில் அது உயரத்தில் இருப்பது இதனால்தான். சென்னையை அடுத்த ஆலையில் தயாராகி 2016-ல் வெளிவந்த ராயல் என்பீல்டு ஹிமாலயனில் சக்கரத்தை ஒட்டி ஒன்று, மேலே அலகு மாதிரி ஒன்று என்று இரண்டு இருந்தன.

பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த மூடிகள் பெரும்பாலும் "ஏ.பி.எஸ்." என்ற வேறு ரகம். இது அழகு, ஆனால் பலத்த அடி விழுந்தால் விரிசல் விடும்.

டம்ளர் தண்ணீர் போதும்

எது எந்த ரகம்? பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத்தில் பி.பி. அல்லது ஏ.பி.எஸ். என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள்.

எழுத்து இல்லையா? உடைந்த பாகத்தில் சிறு துண்டு செதுக்கி, பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன். மூழ்கினால் அநேகமாக ஏ.பி.எஸ். (மாவுப்பொருள் கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்குவது உண்டு.)

ஏ.பி.எஸ்.சுக்குத் தகுந்த பசை போட்டால் பிடிக்கும். பாலிபுரொப்பிலீனுக்குச் சாதாரணப் பசை ஒட்டாது, பெயிண்ட்டும் நிற்காது. சூடான காற்றால் இளக்கி, அதே ரகக் குச்சியை உருக்கி ஊற்றித்தான் பற்றவைக்க வேண்டும். விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டுவிட்டால் மேலே ஓடாது. போல்ட் மாட்டும் இடமே உடைந்திருந்தால் புதுசு வாங்குவதே நல்லது.

வெயிலும் எதிரிதான். நாளெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டியில் பிளாஸ்டிக் வெளுத்து, மொறுமொறுவென்று ஆகிவிடும். கரிப்பொடி கலந்த கறுப்புப் பாகம் மற்ற நிறங்களைவிட அதிக நாள் தாங்கும்.

சேலை ஜாக்கிரதை!

சில வாலிபர்கள் பாகம் மாற்றும்போது, "காட்டு ரோட்டில் குச்சி மாட்டுகிறது" என்று பின்சக்கரத்துச் சேலை கார்டையும் கழற்றி வீட்டில் போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து!

பின்னால் அம்மாவோ மனைவியோ உட்கார்ந்திருக்கும்போது முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும்? மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி, துணி சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும்.

அறிவொளி இயக்கத்தின்போது, 1991-ல், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகிய மாவட்டம் இது. சைக்கிளுக்கே சேலை சிக்காமல் வலையும் செயின் கவரும் போட்ட ஊரில், மோட்டார் சைக்கிளுக்கு வேண்டாமா?

பில் இல்லாமல் வாங்காதீர்கள்

புதுப் பாகம் வாங்கும்போது பழையதையும் கையோடு கொண்டுபோய், போல்ட் ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் உரசுகிறதா என்று கவனியுங்கள்.

பாக எண், அதிகபட்ச விலை இரண்டையும் பார்த்துவிட்டுப் பில் வாங்குங்கள். வண்டி உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். பழைய 28 சதவீதம் போட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

"ஒரிஜினல்" என்று சொல்லிப் போலியைக் கொடுத்து ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். அதற்கும் கையில் பில் இருந்தால்தான் பலம்!